மசினகுடி: பட்டிகளின் ஊர் (வாசகர் கேள்வி, பதில்)

நீலகிரியின் வடக்கு அடிவாரத்தில், சீகூர்க் காட்டுக்கு நடுவே இருக்கும் மசினகுடியைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம். மாடு, எரு, புலி, மருந்து, சட்டம் என்று கேள்விகள் பல திசையில் மேயப் போனாலும், மாலையில் எல்லாம் ஒரே பட்டியில்தான் வந்து அடைகின்றன.

மசினகுடி என்றால் ஜீப் சவாரியும் ஓய்வு விடுதியும்தான் எங்களுக்குத் தெரியும். அது அடிப்படையில் மாட்டு ஊர் என்று உறவினர் ஒருவர் சொன்னார். உண்மையா?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

உண்மைதான், அம்மா. ஜீப்பும் விடுதியும் நேற்று வந்தவை. மாடு அதற்கு வெகு முன்பே இருந்தது.

முதலில் நிலத்தைப் பாருங்கள். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் குளிர் போய்விடும், தேயிலையும் மறைந்துவிடும், முள்மரக் காடு தொடங்கிவிடும். மசினகுடி கடல் மட்டத்துக்கு மேல் 900 முதல் 1,000 மீட்டர் உயரத்தில், உதகையைவிட ஏறத்தாழ 4,000 அடி கீழே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கூடலூரில் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் இங்கே வரும். கிழக்கே சிறியூர், ஆனைகட்டிப் பக்கம் போகப் போக மழை இன்னும் குறையும். (இது கோவைக்கு மேற்கே உள்ள ஆனைகட்டி அல்ல, சீகூர்ப் பகுதியில் இதே பெயரில் இன்னொரு ஊர் உண்டு.) மழை குறைந்த இடத்துப் புல் உயரமாக வளராது. ஆனால் அதில் நார் குறைவு, சத்து கூடுதல், காய்ந்து நின்றாலும் மாடு விரும்பித் தின்னும். மழை மிகுந்த இடத்து ஆள் உயரப் புல் ஒருமுறை முற்றிவிட்டால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். இந்த வறண்ட காடு மாட்டுக்கு ஏற்றதாக அமைந்ததற்கு இதுதான் காரணம்.

இருளர், குறும்பர், படுகர், மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த கன்னடம் பேசுவோர் என்று பலரும் வாழ்ந்த பகுதி இது. ராகி, சாமை, கொள்ளு விதைத்தார்கள். விதைத்ததை யானையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் காப்பாற்ற இரவெல்லாம் பரணில் விழித்திருக்க வேண்டும். மாடு அப்படியல்ல. காலையில் காட்டுக்குப் போய், வயிற்றை நிரப்பிக்கொண்டு, தானாக வீடு திரும்பும் சொத்து. பயிர் பொய்த்த ஆண்டிலும் மாடு நின்றது. 1932ல் சிங்காராவில் பைக்காரா மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த வேலைக்கும் பின்னால் மாயார் மின் நிலைய வேலைக்கும் வந்த தமிழரும் மலையாளிகளும் ஊரோடு கலந்தார்கள். பாதையும் கடையும் கூலியும் வந்தன. கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் அதையும் மாட்டில்தான் போட்டார்கள்.

பால் ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். காட்டில் மேயும் நாட்டு மாடு கன்று குடித்தது போக ஒன்றிரண்டு லிட்டர் கறந்தால் பெரிது. மசினகுடி மாட்டின் வருமானம் சாணம். வயநாட்டிலும் கூடலூரிலும் காப்பி, மிளகு, இஞ்சி போடுகிறவர்கள் லாரி லாரியாக வாங்கிப் போகிறார்கள்.

இதற்கிடையே காட்டின் சட்டநிலை மாறிக்கொண்டே வந்தது. முதுமலை 1940ல் சரணாலயம் ஆனது. 2007ல் புலிகள் காப்பகம். மையப்பகுதி 321 சதுர கிலோமீட்டர். பின்னர் சீகூரும் மசினகுடியும் வெளிவட்டத்தில் சேர்ந்தன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழி சீகூர் மேட்டுநிலம்தான் என்பதால், 2010ல் தமிழக அரசு யானை வழித்தட அறிவிப்பு வெளியிட்டது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. மாடுகளின் எண்ணிக்கை இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. பட்டி வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் வண்டி ஓட்டுகிறார்கள், விடுதிகளில் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் மாலை ஐந்து மணிக்கு ஊர்ச் சாலையில் நின்று பாருங்கள். புழுதியும் கழுத்து மணியுமாக மாடுகள் சாலையை நிறைத்துக்கொண்டு வரும்போது, வண்டிகள்தான் ஒதுங்கி நிற்கும்.

பட்டி என்பது வெறும் வேலிதானா? 100 மாடுகளுக்கு ஒரு பட்டி போட எவ்வளவு இடம் வேண்டும், எப்படி அமைக்க வேண்டும்?
வாசகர், தாளவாடி

வேலி என்பது பட்டியில் பாதிதான். மீதிப் பாதி அதை நடத்தும் முறை.

இடம்: ஒரு மாட்டுக்கு சுமார் 40 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மாட்டுக்கு 4,000 சதுர அடி. வட்டமாகப் போட்டால் குறுக்களவு 70 அடிக்குச் சற்று மேல் வரும். வட்டம்தான் நல்லது. சதுரமாகப் போட்டால் மாடு மிரளும்போது மூலையில் போய் நெருக்கும். அடியில் சிக்கிய கன்று மிதிபடும். லேசான சரிவு உள்ள இடமாகப் பாருங்கள், மழைநீர் வடிய வேண்டும். ஓடைக்கரை வேண்டவே வேண்டாம். புதர் அடர்ந்த ஓடைக்கரை புலி பதுங்கும் இடம்.

வேலி: 5 அடிக்கு ஒரு கம்பம். கம்பங்களின் வெளிப்பக்கம் முள்கிளைகளை 5, 6 அடி உயரத்துக்கு அடுக்க வேண்டும். வெட்டிய அடிப்பக்கம் உள்ளே, முள் வெளியே. பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். முள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் மாட்டின் மடியும் கண்ணும் கிழியும். கம்பத்தின் உள்பக்கம் இடுப்பு உயரத்தில் ஒன்று, அதற்கு ஒன்றரை அடி மேலே ஒன்று என்று இரண்டு வரிசை குறுக்குக் கழி கட்டுங்கள். காரணம் உண்டு. பெரும்பாலும் புலி வேலியைத் தாண்டி உள்ளே குதிப்பதில்லை. வெளியே நின்று உறுமும், அல்லது அதன் வாடை காற்றில் வரும். மாடுகள் மிரண்டு ஒரே பக்கமாகத் தள்ளும், வேலி உள்ளிருந்து வெளியே சாயும், சிதறி ஓடிய மாட்டைப் புலி பிடிக்கும். ஆகவே வேலி உள்ளிருந்து வரும் தள்ளலையும் தாங்கியாக வேண்டும்.

சிறுத்தை விஷயம் வேறு. ஆறடி அதற்கு ஒரு பொருட்டல்ல, அது தேடி வருவது கன்றை. பட்டியின் நடுவில் மேலே கூரை அல்லது கம்பிவலை போட்ட கன்றுக்கொட்டில் ஒன்று கட்டாயம் வேண்டும். கூரையில்லாத கன்றுக்கொட்டில் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

வாசல் 4 அடிக்கு மேல் வேண்டாம். படல் கட்டி, மாடு ஒவ்வொன்றாக நுழையும்படி வைத்தால்தான் எண்ண முடியும். எண்ணிக்கை ஒன்று குறைந்தால் அன்று மாலையே தெரிய வேண்டும். மறுநாள் தெரிந்தால் சடலத்தைத் தேட வேண்டியதுதான்.

பெரும்பாலான பட்டியில் பல வீட்டு மாடுகள் சேர்ந்து நிற்கும். காதில் வெட்டு, கொம்பில் வண்ணம், மணியின் ஒலி ஆகியவற்றால் அடையாளம். மேய்க்கிறவர் மாட்டுக்காரர்களிடம் கூலி பெறுவார். 50, 60 மாட்டுக்கு ஒருவர் என்பது காட்டில் சமாளிக்கக்கூடிய அளவு. வெயில் ஏறிய பிறகு, எட்டரை ஒன்பதுக்கு மாட்டைத் திறந்துவிட்டு, ஐந்தரைக்குள் அடைத்துவிடுவது நல்லது. விடியலும் அந்தியும் புலியின் நேரம். நண்பகலில் தண்ணீருக்கு மந்தையை மொத்தமாக இறக்க வேண்டும். இரண்டு மூன்றாகப் பிரிந்து ஓடைக்கு இறங்கும் மாடுதான் முதலில் போகும்.

உப்பு: பெரிய மாட்டுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். ஆனால் உப்பு மூட்டையைப் பட்டியில் வைக்காதீர்கள். யானைக்கு உப்பு வாடை தெரிந்தால் வேலி மிஞ்சாது. தேவையானதை அன்றன்று எடுத்துவந்து வைத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் பட்டி சேறானால் குளம்பிடுக்கு வெந்து, புண்ணாகி, மாடு நொண்டும். வாசலில் ஒரு பள்ளம் வெட்டி, 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்து, மாடு அதில் நடந்து போகும்படி வாரம் ஒருமுறை விடுங்கள். அந்தத் தண்ணீரை மாடு குடிக்கக் கூடாது. ஓடையிலும் ஊற்றக் கூடாது, மீன் செத்துவிடும். சேறு முழங்காலுக்கு வந்துவிட்டால் மருந்து உதவாது. பட்டியை அடுத்த மேட்டுக்கு மாற்றுவதுதான் வழி.

வயநாட்டில் இரண்டு ஏக்கர் காப்பி வைத்திருக்கிறேன். மசினகுடிச் சாணம் ஒரு லோடு வாங்கினேன். பாதி மண்ணாக இருந்தது. எப்படிப் பார்த்து வாங்குவது?
வாசகர், கல்பற்றா

முதலில் ஒரு பட்டி எவ்வளவு தரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏமாற்றம் எங்கே நுழைகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். 250 கிலோ எடையுள்ள நாட்டு மாடு ஒரு நாளில் 10 கிலோ அளவுக்குச் சாணம் போடும். அதில் பாதி காட்டிலேயே விழுந்துவிடும். பட்டியில் மிஞ்சுவது 5 கிலோ. 100 மாட்டுக்கு ஓரிரவில் 500 கிலோ. அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். வெயிலில் நன்றாக உலர்ந்தால் 125, 130 கிலோ நிற்கும்.

இப்போது லாரி. 14 அடி நீளம், ஆறரை அடி அகலம், 4 அடி உயரம் என்றால் 364 கன அடி, சுமார் 10 கன மீட்டர். உலர்ந்த சாணம் ஒரு கன மீட்டருக்கு 400 முதல் 500 கிலோ இருக்கும். ஆக லோடு நாலரை டன் பக்கம். 100 மாட்டுப் பட்டி ஒரு லோடு சேர்க்க ஐந்து வாரம் ஆகும். இருபது நாளுக்கு ஒரு லோடு கொடுக்கிறேன் என்று அதே அளவுப் பட்டியிலிருந்து ஒருவர் சொன்னால், மிச்சம் மண்.

எல்லா மண்ணும் கலப்படம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பட்டித் தரை மண் தரை. மண்வெட்டியால் சுரண்டும்போது கொஞ்சம் மண் வரத்தான் செய்யும். மழைக்குப் பின் சுரண்டினால் அதிகம் வரும், கோடையில் கையால் அள்ளினால் குறைவாக வரும். ஆகவே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வாங்குவது மேல். சோதிக்க எளிய வழி: லோடின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒவ்வொரு கைப்பிடி எடுத்து, தனித்தனிக் கண்ணாடி டம்ளரில் கரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் படியும் மண் விரல் பருமனுக்கு மேல் இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். மேலே மட்டும் எடுத்துப் பார்க்கிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

வாங்கியதை அப்படியே செடிக்குப் போடாதீர்கள். இரண்டு காரணம். சரியாக மக்காத சாணத்தில் வண்டு முட்டையிடும். அதிலிருந்து வரும் வெள்ளை வேர்ப்புழு காப்பி வேரையும் இஞ்சிக் கிழங்கையும் கடிக்கும். இரண்டாவது களை விதை. மசினகுடிப் பக்கம் பார்த்தீனியம் பரவிக் கிடக்கிறது. சுரண்டிய மண்ணோடு அதன் விதை உங்கள் தோட்டத்துக்குப் பயணம் செய்யும். 6 அடி அகலம், நாலரை அடி உயரத்தில் குவித்து, பிழிந்தால் ஓரிரு சொட்டு கசியும் அளவுக்கு ஈரம் வைத்து, மேலே ஓலையோ வைக்கோலோ மூடுங்கள். நாலைந்து நாளில் உள்ளே கைவைக்க முடியாத சூடு ஏறும். 15 நாளுக்கு ஒருமுறை, மூன்று முறை புரட்டுங்கள். புரட்டும்போது வெளியே இருந்தது உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்து விதை சாகாது. இரண்டு, இரண்டரை மாதத்தில் மண்வாசம் வரும். செடிக்கு 5 கிலோ வீதம், தண்டிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி அரைவட்டமாகப் போட்டு, சருகால் மூடிவிடுங்கள்.

ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறோம். உங்கள் காப்பிச் செடிக்குப் போகும் இந்தச் சத்து சீகூர்க் காட்டுப் புல்லிலிருந்து வந்தது. முன்பு சாணம் அதே ஊர் ராகிக் காட்டிலும் காட்டுத் தரையிலும் விழுந்து அங்கேயே மக்கியது. இப்போது ஆண்டு முழுக்க லாரி ஏறி மலை தாண்டிப் போகிறது. விற்கிறவரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் பிழைப்பு. ஆனால் எடுத்த நிலத்துக்குத் திரும்பிப் போவது எதுவும் இல்லை. குறைந்தது குடற்புழு மருந்து விஷயத்திலாவது பட்டிக்காரர்கள் கவனமாக இருக்கலாம். ஐவர்மெக்டின் ஊசி போட்ட மாட்டின் சாணத்தில் பல நாள் மருந்து தங்கி, சாணவண்டின் புழுக்களைக் கொன்றுவிடும். சாணத்தை மண்ணுக்குள் இறக்கி வைக்கிற வேலையை அந்த வண்டைப் போல வேறு யாரும் செய்வதில்லை.

எங்கள் பசுவைப் புலி அடித்துவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்? பக்கத்து வீட்டார் சடலத்தில் பூச்சிமருந்து ஊற்றிவிடச் சொல்கிறார்கள்.
வாசகி, மாவனல்லா

மருந்து ஊற்ற வேண்டாம், அம்மா. உங்கள் வேதனையும் கோபமும் புரிகிறது. ஒரு பசு போனால் ஒரு குடும்பத்தின் பாதி வருமானம் போகிறது. ஆனால் விஷம் புலியோடு நிற்காது. அந்தச் சடலத்துக்கு வரும் பாறு (பிணந்தின்னிக் கழுகு), கழுதைப்புலி, நாய் எல்லாம் சாகும். 2023 செப்டம்பரில் அவலாஞ்சி அருகே 2 புலிகள் இறந்து கிடந்த இடத்தில் விஷம் வைத்த மாட்டின் சடலம் கண்டெடுக்கப்பட்டது. மாட்டின் உரிமையாளர் கைதானார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதற்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இழப்பீடும் போய்விடும்.

செய்ய வேண்டியது இது. சடலத்தை நகர்த்தாதீர்கள், தோலுரிக்காதீர்கள். தனியாக அருகே போகாதீர்கள். புலி பெரும்பாலும் பக்கத்திலேயே படுத்திருக்கும். அன்றே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கழுத்துக் கடித்தடம், கால்தடம், சுற்றுப்புறம் மூன்றும் தெரியும்படி, வனப் பணியாளர் வந்த பிறகு படம் எடுங்கள். காதுத்தோட்டின் (மாட்டின் காதில் பொருத்தும் அடையாள வில்லை) எண் தெரியும் படம் ஒன்று தனியாக வேண்டும். காதுத்தோடு இல்லாத மாட்டுக்கு அது உங்கள் மாடுதான் என்று நிறுவுவது கடினம். பலருடைய மனு நிற்பது இங்கேதான். கால்நடை மருத்துவர் பரிசோதித்துச் சான்று தர வேண்டும். அதற்கு அவர் நேரில் பார்க்க வேண்டும், ஆகவே தாமதம் கூடாது. மனுவோடு ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல், மருத்துவர் சான்று வையுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். அனுமதியில்லாத காட்டுப் பகுதிக்குள் மேய்ந்தபோது அடிபட்ட மாடு என்றால் இழப்பீடு கிடைப்பது அரிது. அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே பகுதியில் மாடுகள் அடுத்தடுத்து அடிபட்டால் ஊராகச் சேர்ந்து சொல்லுங்கள். 2021ல் டி23 என்று பெயரிட்ட புலி மனிதரையும் மாடுகளையும் கொன்றபோது, மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு அக்டோபர் 15 அன்று மசினகுடி அருகே மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். சுட வேண்டிய தேவை வரவில்லை.

நான் கால்நடை மருத்துவ மாணவி. மசினகுடிப் பக்கம் மாட்டுக்கு வலிநிவாரணி ஊசி போடும்போது தனிக் கவனம் வேண்டும் என்கிறார்களே, ஏன்?
வாசகி, நாமக்கல்

இந்தக் கேள்வியை உங்கள் வகுப்பு முழுக்கப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

சீகூர், மாயார்ப் பள்ளத்தாக்கில் நான்கு வகைப் பாறுகள் இருக்கின்றன: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு. தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறு இன்றும் கூடுகட்டி வாழும் இடம் வெகு சில. அதில் முக்கியமானது இது. ஓடைக்கரை நீர்மருதின் உச்சியில் கூடு. ஆண்டுக்கு ஒரே முட்டை. குஞ்சு வளர்ந்து தானே முட்டையிட ஐந்தாறு ஆண்டு ஆகும். ஒரு பறவை செத்தால் அந்த இடத்தை நிரப்ப எத்தனை ஆண்டு என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் இந்தியாவெங்கும் நிறைந்திருந்த வெண்முதுகுப் பாறு 15 ஆண்டுக்குள் ஆயிரத்தில் ஒன்று என்ற நிலைக்குச் சரிந்தது. காரணம் டைக்ளோபினாக்.

மாட்டுக்கு அந்த ஊசி வலியைக் குறைக்கும். ஊசி போட்ட சில நாளில் மாடு இறந்தால், ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து மிஞ்சியிருக்கும். அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழக்கும், யூரிக் அமிலம் வெளியேற முடியாமல் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படியும், தலை தொங்கிச் சில நாளில் செத்துவிடும். ஒரு சடலத்தைப் பல பறவைகள் சேர்ந்து தின்பதால், நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே போதும், இனம் சரிந்துவிடும்.

2006ல் கால்நடைக்கு டைக்ளோபினாக் தடை வந்தது. ஆனால் மனிதர்களுக்கான 30 மில்லி பெரிய புட்டி மருந்துக்கடையில் கிடைத்தது, அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015ல் ஊசி மருந்து ஒரு வேளைக்கான 3 மில்லிக்கு மேல் விற்கக் கூடாது என்றானது. 2023ல் கீட்டோபுரோபனும் அசிக்ளோபினாக்கும் கால்நடைக்குத் தடை. அசிக்ளோபினாக் மாட்டின் உடலுக்குள் போய் டைக்ளோபினாக்காகவே மாறும். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. நிமசுலைடும் புளூனிக்சினும் பாறுக்குக் கேடுதான்.

பாறுக்குப் பாதுகாப்பு என்று உறுதியான வலிநிவாரணிகள் மெலாக்சிகமும் டோல்பினாமிக் அமிலமும். மாட்டுக்கு மெலாக்சிகம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். 250 கிலோ மாட்டுக்கு 125 மில்லிகிராம். மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள மருந்தானால் 25 மில்லி, 20 மில்லிகிராம் உள்ளதானால் 6 மில்லிக்குச் சற்று மேல். களத்தில் நடக்கும் தவறு இதுதான்: செறிவு குறைந்த மருந்தை 10 மில்லி மட்டும் போட்டுவிட்டு, "இது வேலை செய்யவில்லை" என்று பழைய மருந்துக்குத் திரும்புகிறார்கள். மருந்தின் குறையல்ல அது, அளவின் குறை. புட்டியின் மேல் உள்ள செறிவைப் படித்துவிட்டு ஊசியை எடுங்கள்.

தடை செய்த ஊசி ஏற்கெனவே போட்டது என்று தெரிந்த மாடு ஒரு வாரத்துக்குள் இறந்தால், காட்டில் போட வேண்டாம், புதைக்கச் சொல்லுங்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் என்ற சந்தேகம் இருந்தாலும் அப்படியே. திடீர்ச் சாவு, வயிறு உப்பல், மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு ரத்தம், உடல் விறைக்காமை: இவை தெரிந்தால் சடலத்தை அறுக்கவே கூடாது. காற்றுப் பட்டால் கிருமி விதைவடிவம் எடுத்து மண்ணில் பல்லாண்டு கிடக்கும். 6 அடி ஆழம், நீர்நிலைக்குத் தொலைவில். மற்றபடி மருந்து படாத, நோயில்லாத மாடு இறந்தால், வனத்துறையினர் காட்டும் திறந்த வெளியில் விட்டுவிடுவதே பாறுக்குச் செய்யும் உதவி. புதைக்கும் வழக்கம் கூடக் கூட அவற்றுக்கு இரை குறைகிறது.

கோடையில் புதிதாக வாங்கிவந்த வெள்ளை மாடு ஒன்றுக்குத் தோல் உரிகிறது, கண் மஞ்சளாக இருக்கிறது, சாணம் இறுகிவிட்டது. என்ன நோய்?
வாசகர், மசினகுடி வட்டாரம்

சொல்லும் குறிகள் உண்ணிச்செடி நஞ்சைக் காட்டுகின்றன. காட்டோரம் எங்கும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கிறதே, அதுதான். உள்ளூர் மாடு அதைத் தொடாது. வெளியூரிலிருந்து வந்த மாடு, புல் இல்லாத கோடையில், பசியில் மேய்ந்துவிடும். இலையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கிறது. ஈரல் கெட்டால் பச்சையத்திலிருந்து வரும் ஒரு பொருள் ரத்தத்தில் தங்கி, வெயில் பட்ட இடத்தில் தோலை வேக வைக்கும். அதனால்தான் வெள்ளைத் தோலிலும் மூக்கு நுனியிலும் மடியிலும் முதலில் உரிகிறது, கறுப்பு மயிர் உள்ள இடம் தப்பிக்கிறது.

உடனே நிழலில் கட்டுங்கள். பகலில் வெளியே விடவே கூடாது. தண்ணீர் தாராளமாக. இரைப்பையில் இலை நாள்கணக்கில் தங்கி நஞ்சு ஊறிக்கொண்டே இருக்கும் என்பதால், கால்நடை மருத்துவர் மரக்கரித்தூள் கரைசலை வாய்வழி கொடுப்பார். வீட்டில் நீங்களே புட்டியால் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. இனி புதிய மாட்டை முதல் இரண்டு வாரம் வயிறு நிறையத் தட்டை போட்ட பிறகே மந்தையோடு அனுப்புங்கள்.

காட்டில் மாடு மேய்க்கச் சட்டம் இடம் தருகிறதா, இல்லையா?
வாசகர், சத்தியமங்கலம்

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. மறுபக்கம் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(ஈ)யில் மேய்ச்சலையும் சமூக உரிமையாக ஏற்கிறது. அந்த உரிமை கிராம சபை தீர்மானம் போட்டு, வரைபடத்தோடு கோரிக்கை வைத்து, கோட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் ஏற்கப்பட்டால்தான் கையில் வரும். "தாத்தா காலத்திலிருந்து மேய்க்கிறோம்" என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் எந்த ஓடையிலிருந்து எந்தக் குன்றுவரை, எந்த மாதங்களில் என்று எழுத்தில் இல்லாவிட்டால் அது சபையில் நிற்காது. பழைய மேய்ச்சல் வரி ரசீது வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

தோடர்களின் எருமைப் பட்டியும் மசினகுடிப் பட்டியும் ஒன்றா?
வாசகி, குன்னூர்

இல்லை. தோடர் எருமை மேலே, 2,000 மீட்டருக்கு மேல் உள்ள புல்வெளியின் விலங்கு. தனி இனம், பாலில் கொழுப்பு மிகுதி, மந்தின் (தோடர் குடியிருப்பின்) கோயிலோடும் சடங்கோடும் இணைந்தது. சாண வியாபாரத்துக்காக வளர்ப்பதல்ல. அங்கே குறைந்துபோனது புல்வெளிதான். சீகை மரமும் கற்பூர மரமும் நட்டு, அணை கட்டி, உருளைக்கிழங்குத் தோட்டம் போட்டு அதைச் சுருக்கிவிட்டோம்.

ஊரின் பெயர் எப்படி வந்தது? பட்டிகளைப் பார்க்க வரலாமா?
வாசகர், திருச்சி

மசினி அம்மன் கோயில் ஊரில் இருக்கிறது. கன்னடத்தில் குடி என்றால் கோயில். மசினியின் கோயில் என்பதே ஊரார் தரும் விளக்கம்.

வரலாம். வெளியூர் வண்டியில் உதகையிலிருந்து கல்லட்டி வழியே இறங்க முயல வேண்டாம்; கூடலூர், தெப்பக்காடு வழி தூரம் அதிகம், ஆனால் அதுதான் பாதுகாப்பு. கல்லட்டிச் சரிவில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். அங்கே நடந்த விபத்துகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம். பட்டிக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், புது ஆளைக் கண்டால் சினை மாடு மிரளும். மாலையில் சாலையில் மந்தை வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒலிப்பான் அடிக்காமல் நில்லுங்கள். கடைசி மாட்டுக்குப் பின்னால் மேய்க்கிறவர் வருவார். அவர் கடந்து போன பிறகு வண்டியை எடுங்கள்.